அப்பாக்களுக்குள் யார் முதல்வர்?

இயேசு பேசிய அரமேய மொழியில் 'அப்பா' என்றொரு சொல் உண்டு. நம் வீடுகளில் நாம் சொல்லும் அதே ஒலி, அதே பொருள். கெத்சமனித் தோட்டத்தில் துயரத்தின் நடுவில் அவர் தம் விண்ணகத் தந்தையை அழைத்த சொல் அது. திருஅவையின் முதல் நூற்றாண்டுகளில், எகிப்து, சிரியா நாட்டுப் பாலைநிலங்களில் வாழ்ந்த துறவியர், தங்களுக்கு வழிகாட்டிய முதியவரையும் இதே சொல்லால் அழைத்தனர். அது இலத்தீனில் 'அப்பாஸ்' என்றாகி, துறவு மடத்தின் தலைவரைக் குறிக்கும் பட்டமாக நிலைத்தது. ஆங்கிலத்தில் 'ஆபட்' என்று சொல்லப்படுவதும் இதிலிருந்து வந்ததே.

ஒரு வீட்டுக்கு ஓர் அப்பா. ஒரு மடத்துக்கும் ஓர் அப்பா. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால், நூற்றுக்கணக்கான மடங்களின் அப்பாக்கள் ஓரிடத்தில் கூடினால் யார் முன்னால் நடப்பது? யார் முதல் இருக்கையில் அமர்வது? இந்தக் கேள்வி 1116ம் ஆண்டு, உரோமையில் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் கூட்டிய இலாத்தரன் அவையில் வெளிப்படையாகவே எழுந்தது. பிரான்ஸ் நாட்டுக் குளூனி மடத்தின் தலைவர் போன்சியுஸ், தம்மை 'அப்பாக்களின் அப்பா' என்று அழைத்துக்கொண்டார். அதாவது, மடத் தலைவர்களுக்கெல்லாம் தலைவர்!

தந்தை என்ற அன்புச் சொல், போட்டிக்குரிய பட்டமாக எப்படி மாறியது? இன்று இதைச் சற்று பொறுமையாகப் பார்ப்போம். இது எங்கோ, எப்போதோ நடந்த துறவியரின் கதைதான். ஆனாலும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

தொடக்கம் எப்படி இருந்தது?

மேற்கத்தியத் துறவியரின் தந்தை என்று போற்றப்படுபவர் புனித பெனடிக்ட். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசினோ மலைமீது அவர் தம் மடத்தை அமைத்து, துறவியருக்கென ஓர் ஒழுங்குநூலை எழுதினார். அந்நூலில் மடத் தலைவரைப் பற்றி அவர் சொல்லும் கருத்துகள் மிகவும் தெளிவானவை. மடத் தலைவர் கிறிஸ்துவின் இடத்தில் இருப்பதாக நம்பப்படுகிறார். அதனால்தான் அவருக்கு 'அப்பா' என்ற பெயர். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் ஆன்மாவுக்காகவும் இறுதித் தீர்ப்பு நாளில் அவர் கணக்குக் கொடுக்க வேண்டும். அவர் பிறருக்குமேல் நிற்பதைவிட, பிறருக்குப் பயன்படுவதையே தம் வேலையாகக் கொள்ள வேண்டும்.

மடத்துக்குள் வரிசை எப்படி? அதற்கும் பெனடிக்ட் விடை தந்திருக்கிறார். செல்வர் வீட்டுப் பிள்ளை, அடிமையாக இருந்தவர் என்ற வேறுபாடு அங்கே கிடையாது. மடத்துக்குள் எப்போது வந்து சேர்ந்தாரோ, அந்த நேரமே அவருடைய இடத்தை முடிவு செய்யும். காலையில் வந்தவர் மூத்தவர். அதே நாளில் சற்று நேரம் கழித்து வந்தவர் இளையவர். வயதும் குலமும் இங்கே கணக்கில் வருவதில்லை. வாழ்க்கை ஒழுக்கத்தைக் கண்டு தலைவர் ஒருவரை முன்னே கொண்டுவரலாம், அவ்வளவுதான்.

ஆக, ஒரு மடத்துக்குள் வரிசையைப் பெனடிக்ட் எளிதாக முடித்து வைத்தார். ஆனால் மடத்துக்கும் மடத்துக்கும் நடுவே வரிசை என்ன என்பதைப் பற்றி அவருடைய நூல் எதுவும் சொல்லவில்லை. அவர் காலத்தில் அந்தக் கேள்விக்குத் தேவையும் இல்லை.

சலுகைகள் ஏன் தேவைப்பட்டன?

அன்பு நேயர்களே, மடங்களுக்குத் திருத்தந்தையர் வழங்கிய சலுகைகளைக் கேட்டவுடன், 'பதவி ஆசை' என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. அவை ஒரு நல்ல காரணத்துக்காகத் தொடங்கியவை.

451ம் ஆண்டு கால்செதோன் பொதுச்சங்கம், துறவியர் தங்கள் பகுதி ஆயருக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்றும், அவருடைய இசைவின்றி எவரும் மடம் கட்டக் கூடாது என்றும் விதித்தது. அது நல்ல ஒழுங்கு. ஆயர் நல்ல மேய்ப்பராக இருந்தவரை அதனால் மடங்களுக்கு நன்மையே விளைந்தது. ஆனால், எல்லா இடங்களிலும் எல்லா நாள்களிலும் அப்படி இருக்கவில்லை. சில இடங்களில் ஆயரோ, அப்பகுதியின் பிரபுவோ மடத்தின் நிலங்களைத் தம்வசம் எடுத்துக்கொண்டனர். துறவியர் தேர்ந்துகொள்ள வேண்டிய தலைவரின் இடத்தில் தம் உறவினரை அமர்த்தினர். பெரும் பரிவாரத்தோடு வந்து தங்கி, மடத்துக் களஞ்சியத்தைக் காலி செய்தவர்களும் உண்டு. துறவியரோ இறைவேண்டலை விட்டுவிட்டு வழக்குகளின் பின்னே அலைய வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வாகத்தான், சில மடங்களைத் திருத்தந்தையர் தங்கள் நேரடிப் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டனர். இத்தாலியில் புனித கொலும்பானுஸ் நிறுவிய பொப்பியோ மடத்துக்கு 628ம் ஆண்டு திருத்தந்தை முதலாம் ஹோனோரியுஸ் இப்படிப்பட்ட உரிமையை அளித்தார். செர்மனியில் மறைப்பணியாற்றிய புனித போனிப்பாசு கேட்டுக்கொண்டதன்பேரில், 751ம் ஆண்டு திருத்தந்தை சக்கரியா ஃபுல்டா மடத்துக்கு அதே உரிமையை வழங்கினார். திருஅவைச் சட்டத்தில் இதற்கு 'விலக்குரிமை' என்று பெயர். ஆயரின் ஆட்சியிலிருந்து விலக்கு. திருத்தந்தைக்கு மட்டும் நேரடிக் கீழ்ப்படிதல்.

குளூனியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 910ம் ஆண்டையொட்டி, அக்குவித்தேன் பகுதியின் பிரபு வில்லியம், தம் நிலத்தில் ஒரு மடத்தை நிறுவி, அதைப் புனிதர்கள் பேதுரு, பவுலின் உடைமையாக எழுதிக் கொடுத்தார். அந்தச் சாசனத்தில் அவர் எழுதியது வியப்புக்குரியது. தானோ, தன் உறவினரோ, அரசரோ, ஆயரோ, ஏன், திருத்தந்தையேகூட இம்மடத்தின் சொத்தைப் பறிக்கக் கூடாது; துறவியரே தங்கள் தலைவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பதிலுக்கு மடம் செய்ய வேண்டியது என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, திருத்தூதர் ஆலய விளக்குகளுக்காக 10 பொற்காசுகளை உரோமைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவே.

அதன்பின் 998ம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் கிரகோரி, மடத் தலைவர் அழைத்தாலன்றி எந்த ஆயரும் குளூனிக்குள் வந்து திருப்பலி நிறைவேற்றவோ, குருத்துவத் திருப்பொழிவு வழங்கவோ கூடாது என்று ஆணையிட்டார். 1024ம் ஆண்டு திருத்தந்தை பத்தொன்பதாம் யோவான் அந்த உரிமையை விரிவாக்கி, குளூனித் துறவியர் எங்கே இருந்தாலும் எந்த ஆயரும் அவர்களைத் திருஅவையிலிருந்து விலக்கிவைக்க முடியாது என்று அறிவித்தார். பாவ மன்னிப்பும் மீட்பும் தேடி வருவோர் அனைவருக்கும் அம்மடம் இரக்கத்தின் துறைமுகமாக விளங்க வேண்டும் என்பதும் அந்த ஆணையின் கருத்து. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

ஆயர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே, 1025ல், ஆன்ஸ் என்ற ஊரில் கூடிய ஆயர்கள், இது கால்செதோன் சங்க விதிக்கு முரணானது என்று தீர்ப்புக் கூறினர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒரு மறைமாவட்டத்துக்குள் ஆயருக்குக் கட்டுப்படாத ஒரு தீவு இருந்தால், மேய்ப்புப்பணி எப்படி ஒழுங்காக நடக்கும்?

அந்தக் காலத்தில் குளூனியை வழிநடத்தியவர் புனித ஒதிலோ. மடத்தின் உரிமைக்காக உறுதியாக நின்ற இவர், தமக்கென்று என்ன கேட்டார் என்று பாருங்கள். 1031ம் ஆண்டு, அதே திருத்தந்தை பத்தொன்பதாம் யோவான் அவரை லியோன் நகரின் பேராயராக நியமித்து, பேராயருக்குரிய பாலியம் என்னும் தோள்பட்டையையும் மோதிரத்தையும் அனுப்பி வைத்தார். ஒதிலோ ஏற்க மறுத்துவிட்டார். திருத்தந்தை கடிந்துகொண்டபோதும் அவர் மனம் மாறவில்லை. மடத்துக்குச் சுதந்திரம் வேண்டும் என்றவர், தமக்கு மதிப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. இந்த வேறுபாடுதான், அன்பு நேயர்களே, இன்றைய நம் சிந்தனையின் மையம்.

கேடயம் அணிகலன் ஆகிறது

ஒதிலோவுக்குப்பின் குளூனியை 60 ஆண்டுகள் வழிநடத்தியவர் புனித ஹியூ. அவரிடம் துறவியாக இருந்த ஒருவர் பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் உர்பானாகப் பொறுப்பேற்றார். அவர் தம் பழைய தந்தைமீது கொண்ட அன்பால், திருவிழா நாள்களில் ஆயரைப் போலவே உயர்ந்த தலை மகுடம், கையுறை, சிறப்புக் காலணி ஆகியவற்றை அணியும் உரிமையை ஹியூவுக்கு அளித்தார். அன்பினால் தரப்பட்டது, அன்போடு பெறப்பட்டது. தவறொன்றும் இல்லை.

ஆனால், ஒரு மடத்துக்குக் கிடைத்ததைப் பக்கத்து மடமும் கேட்கத் தொடங்கியது. 12ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இதைக் காண்கிறோம். இன்றுவரை இங்கிலாந்திலிருந்து வந்த ஒரே திருத்தந்தை நான்காம் ஏட்ரியன். அவர் தம் தந்தை துறவியாக இருந்த செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக்குப் பல சலுகைகளை வழங்கினார். புனித ஆல்பன் இங்கிலாந்தின் முதல் மறைசாட்சி. ஆகவே அவர் பெயரால் அமைந்த மடத்தின் தலைவரே அந்நாட்டு மடத் தலைவர்களுள் முதல்வர் என்பது காரணம். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கை யாருக்கு என்ற பூசல் நீண்டது.

மகுடத்திலும் வரிசை வந்தது. 13ம் நூற்றாண்டில் திருத்தந்தை நான்காம் கிளமெண்ட் ஒரு விதி செய்ய வேண்டியதாயிற்று: ஆயர்கள் கூடும் அவைகளுக்கு வரும்போது, விலக்குரிமை பெற்ற மடத் தலைவர்கள் பொன்னிழை வேலைப்பாடுள்ள மகுடம் அணியலாம்; ஆனால் அதில் மணிகள் பதிக்கக் கூடாது. விலக்குரிமை இல்லாதவர்கள் வெறும் வெள்ளை மகுடம்தான் அணிய வேண்டும். மணி பதித்தது ஆயர்களுக்கு! திருத்தந்தை உட்கார்ந்து விதி எழுத வேண்டிய அளவுக்கு, யார் தலையில் என்ன என்ற கேள்வி பெரிதாகிவிட்டது.

இதற்கு விலையும் இருந்தது. ஆயரிடமிருந்து விடுதலை பெற்ற மடங்களில், புதிய தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதை உறுதிசெய்துகொள்ள அவர் உரோமைக்குப் பயணம் செய்ய வேண்டும். மலை கடந்து, கடல் கடந்து போய்வரும் செலவும், அங்கே கட்ட வேண்டிய கட்டணங்களும் பல மடங்களைக் கடனாளி ஆக்கின.

இப்போது 1116ம் ஆண்டுக்கு வருவோம்.

இலாத்தரன் அவையில் நடந்ததை நமக்குச் சொல்வது மோந்தே கசினோ மடத்தாரே எழுதிய வரலாற்று ஏடு. அவர்கள் தங்கள் பக்கம்தான் பேசுவார்கள் என்பதையும் நினைவில் கொள்வோம். போன்சியுஸ் 'அப்பாக்களின் அப்பா' என்று தம்மைச் சொல்லிக்கொண்டபோது, திருத்தந்தையின் தலைமைச் செயலராக இருந்த கயேத்தா நகர் யோவான் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். இவர் மோந்தே கசினோவில் துறவியாக இருந்தவர். பெனடிக்டின் ஒழுங்குநூலைக் குளூனியார் மோந்தே கசினோவிடமிருந்து பெற்றார்களா, அல்லது மோந்தே கசினோ குளூனியிடமிருந்து பெற்றதா என்பது அவர் கேள்வி. மேற்கத்திய நாடுகள் முழுவதுமே மோந்தே கசினோவிடமிருந்துதான் பெற்றது என்று போன்சியுஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியானால் அந்தப் பட்டமும் மோந்தே கசினோ தலைவருக்கே உரியது என்று யோவான் முடித்தார்.

வாதத்தில் ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். ஆனால் பாருங்கள்! அந்த அவையில், இந்தப் பட்டம் நமக்கு ஏன் வேண்டும் என்று எந்தப் பக்கத்தாரும் கேட்டதாக அந்த ஏட்டில் இல்லை. இயேசுவின் வலப்புறமும் இடப்புறமும் யார் அமர்வது என்று கேட்ட செபதேயுவின் மக்களும், அதைக் கேட்டுக் கோபம் கொண்ட மற்றப் பத்துப் பேரும் (மாற் 10:35-45) நம் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? கேட்ட இருவருக்கும் கோபப்பட்ட பத்துப் பேருக்கும் ஆசை ஒன்றுதான்.

இருவருக்கும் பின்னர் என்ன நிகழ்ந்தது? யோவான் 1118ம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜெலாசியுஸ் ஆனார். பேரரசரின் எதிர்ப்பால் உரோமையைவிட்டு வெளியேறி, பிரான்சில் அடைக்கலம் தேடினார். 1119ம் ஆண்டு சனவரியில் நோயுற்று உயிர்விட்டார். எங்கே தெரியுமா? குளூனியில்! எந்த மடத்தின் பட்டத்தை அவர் மறுத்தாரோ, அந்த மடத்தார்தான் அவரை ஏற்று, பேணி, அடக்கம் செய்தனர்.

போன்சியுசின் முடிவு துயரமானது. மடத்துக்குள் பூசல் வளர, 1122ம் ஆண்டு அவர் பதவி விலகிப் புனித நாட்டுக்குச் சென்றார். பின்னர் திரும்பி வந்து, புதிய தலைவர் வெளியூர் சென்றிருந்த நேரத்தில் ஆயுதம் தாங்கியவர்களோடு மடத்தைக் கைப்பற்றினார். ஆலயத்தின் பொற்பாத்திரங்களை உருக்கி வீரர்களுக்குக் கூலி கொடுத்தார் என்று அந்தப் புதிய தலைவர் பீட்டர் எழுதியிருக்கிறார். திருத்தந்தை இரண்டாம் ஹோனோரியுஸ் அவரைத் திருஅவையிலிருந்து விலக்கினார். 1126ம் ஆண்டு, உரோமையில் சிறையில் அவர் இறந்தார்.

புனித பெர்னார்து சொன்ன வேறுபாடு

இதே காலத்தில் குரல் எழுப்பியவர், கிளேர்வோ மடத்தின் தலைவர் புனித பெர்னார்து. தம் துறவியரிடம் முழுக் கீழ்ப்படிதலை எதிர்பார்க்கும் மடத் தலைவர், தாம் மட்டும் ஆயருக்குக் கீழ்ப்படிய மறுப்பது எப்படிச் சரியாகும் என்று அவர் கேட்டார். முன்பு தம் துறவியாக இருந்த திருத்தந்தை மூன்றாம் யூஜினுக்கு எழுதிய நூலில் ஓர் உருவகத்தால் இதை விளக்குகிறார்: கையில் இருக்க வேண்டிய விரலைப் பிடுங்கித் தலையில் ஒட்டினால் அது விரலுக்கு உயர்வாகுமா? உடலே விகாரமாகிவிடும்.

ஆனாலும் பெர்னார்து எல்லாச் சலுகைகளையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. ஒரு மடத்தை நிறுவியவர்கள் பக்தியினால் அதைத் திருப்பீடத்துக்கென்றே அர்ப்பணித்தது வேறு. யாருக்கும் கட்டுப்பட விரும்பாத மனம் தேடி அலைந்து பெற்ற சலுகை வேறு என்கிறார் அவர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முத்திரையிட்ட ஓலைதான். பெறுபவரின் உள்ளம்தான் வேறு.

பெர்னார்தின் சிஸ்டர்சியத் துறவியர் வேறு வழியைக் கண்டனர். 1119ம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துஸ் ஒப்புதல் அளித்த அவர்களுடைய சட்டத்துக்குப் பெயரே 'அன்பின் சாசனம்'. மடங்களின் தலைவர்கள் அனைவரும் ஆண்டுதோறும் ஒன்றுகூடி, ஒருவரையொருவர் திருத்திக்கொள்வர். தாய் மடத்தின் தலைவர் மகள் மடத்தைச் சந்திப்பார்; ஆனால் அதனிடம் வரி வாங்கமாட்டார். தாய் மடமான சித்தோவுக்கும் பிற மடத் தலைவர்கள் சந்திப்புக்குச் செல்வர். மேலே இருப்பவரையும் திருத்த ஆள் உண்டு என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால், மனித இயல்பைப் பாருங்கள்: அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களும் விலக்குரிமை பெற்றுவிட்டனர்.

சலுகை எப்போது தன் இலக்கை அடைந்தது?

போன்சியுசால் விரட்டப்பட்ட பீட்டர், மீண்டும் குளூனியை 1156ம் ஆண்டுவரை வழிநடத்தினார். 'வணக்கத்துக்குரிய பீட்டர்' என்று வரலாறு அவரை அழைக்கிறது. அபெலார்து என்ற புகழ்பெற்ற அறிஞர், தம் படிப்பினைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, முதுமையிலும் நோயிலும் தளர்ந்து, திருத்தந்தையிடம் முறையிட உரோமை நோக்கிப் புறப்பட்டார். வழியில் குளூனிக்கு வந்தார். பீட்டர் அவரை ஏற்றுக்கொண்டார். அவருக்கு எதிராக நின்ற பெர்னார்தோடு ஒப்புரவாக வழி செய்தார். அவர் குளூனியாரோடு தங்க இசைவு தருமாறு திருத்தந்தைக்கு எழுதினார். 1142ம் ஆண்டு, குளூனியைச் சார்ந்த மடமொன்றில், அமைதியோடு அபெலார்து இறந்தார்.

1024ம் ஆண்டு ஆணையில் சொல்லப்பட்ட இரக்கத்தின் துறைமுகம் நினைவிருக்கிறதா? குளூனிக்கு எத்தனையோ சலுகைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, ஒதுக்கப்பட்ட ஒரு முதியவரைத் தாங்கிக்கொள்ளப் பயன்பட்டது. அந்த நாளில்தான் அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ, அதைச் செய்தது.

குளூனியின் பிற்காலத்தையும் சொல்லிவிடுவோம். 1516ம் ஆண்டு உடன்பாட்டின்படி, பிரான்சின் மடத் தலைவர்களை முன்மொழியும் உரிமை அரசர் கைக்குப் போனது. 17ம் நூற்றாண்டில் குளூனியின் தலைவர்களாக இருந்தவர்கள் கர்தினால்கள் ரிஷெலியுவும் மசாரினும். இருவரும் நாட்டின் முதலமைச்சர்கள். எந்த அரசியல் கைகளிலிருந்து காப்பாற்ற வில்லியம் சாசனம் எழுதினாரோ, அதே கைகளில் மடம் விழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் மூடப்பட்டது. ஒருகாலத்தில் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக நின்ற அதன் பேராலயம் கல் கல்லாகப் பெயர்த்து விற்கப்பட்டது. இன்று மிஞ்சியிருப்பது சிறு பகுதியே.

பட்டங்களையும் காலம் எளிமையாக்கியது. 1893ம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, பெனடிக்ட் துறவியருக்கு 'முதன்மை மடத் தலைவர்' என்ற பொறுப்பை ஏற்படுத்தினார். பெயரில் முதன்மை உண்டு. ஆனால் பிற மடங்களை ஆளும் அதிகாரம் இல்லை. அவர்களை இணைப்பதும், அவர்கள் சார்பில் பேசுவதுமே அவர் பணி. 1968ம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல், மகுடம், மோதிரம், செங்கோல் போன்றவற்றை யார், எங்கே பயன்படுத்தலாம் என்பதை வரையறுத்துச் சுருக்கினார்.

நமக்கு என்ன?

அன்பு நேயர்களே, நம்மில் எவரும் மணி பதித்த மகுடம் கேட்டு உரோமைக்கு எழுதப்போவதில்லை. ஆனால் பங்குப்பேரவை, அன்பியம், பாடகர் குழு, பக்த சபைகள் என்று நம்மிடமும் பொறுப்புகள் உண்டு. பொறுப்போடு சில உரிமைகளும் உண்டு. தேர்ப்பவனியில் யார் முன்னால், மேடையில் யாருக்குப் பொன்னாடை, நன்றியுரையில் யார் பெயர் விடுபட்டது என்பதால் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் குடும்பங்களும் உண்டு.

ஒழுங்குக்கு வரிசை தேவை. திருஅவை அதை மறுக்கவில்லை. நமக்குக் கிடைத்த உரிமையைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது யாரைக் காப்பாற்றுகிறது? பலவீனர் ஒருவரைக் காப்பாற்றினால் அதைப் பிடித்துக்கொள்வோம், ஒதிலோ பிடித்துக்கொண்டதைப்போல. என் பெயரை மட்டும் காப்பாற்றினால், அவர் திருப்பி வைத்த பேராயர் பட்டத்தைப்போல அதையும் விட்டுவிடுவோம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, மெழுகுதிரி ஏற்றி, இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடுகிறோம். அந்த நாளை முதலில் தம் மடங்கள் எங்கும் நடைமுறைப்படுத்தியவர் குளூனியின் ஒதிலோதான். அங்கிருந்துதான் அது திருஅவை முழுவதும் பரவியது. அடுத்தமுறை அங்கே செல்லும்போது, பெயர் தெரியாத ஒரு கல்லறையிலும் ஒரு திரி ஏற்றுவோம்.